மரம் வரைந்தால் சோறு கிடைக்குமா? பரிணாம மரம் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்

தாம்பரம்_தவளை
சனி, இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வீடு தாம்பரம்.

போன செமஸ்டரில் ஊதாத் தவளையைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. வருடம் பூராவும் மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும் சில நாட்கள் மட்டும் வெளியே தலை காட்டும் பன்றிமூக்குத் தவளை. 2003இல் பிஜு, பொசுயட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேரளத்தின் இடுக்கியிலிருந்து அதைப் புதிய இனமாக விவரித்தார்கள். டிஎன்ஏவை வைத்து வம்சாவளி மரம் போட்டுப் பார்த்தால் அதன் நெருங்கிய சொந்தம் இந்தியாவிலேயே இல்லையாம், கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறதாம். ஒன்றாக ஒட்டியிருந்த நிலம் பிரிந்தபோது குடும்பமும் பிரிந்துவிட்டது. அன்றைக்கு ஹாஸ்டல் தோழிகள் எல்லோரிடமும் இதையே சொல்லி அறுத்தேன்.

அப்பா கார் ஷெட்டில் ஃபிட்டர். பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்றதும் என்ன செய்வாய் என்று கேட்டார். எந்த உயிர் எதற்குச் சொந்தம் என்று மரம் போடுவேன் என்றேன். "மரம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் தினமும் என்னதான் செய்கிறீர்கள்? காட்டுக்குப் போக வேண்டுமா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டுமா? கணக்கு எவ்வளவு வேண்டும்? எனக்குக் கணக்கு சுமார்தான்.

மவுன்ட்ரோடு_மணி
சனி, இரவு 10.05

அப்பா பேச்சைக் கேட்டு டிஎன்பிஎஸ்சி எழுதும்மா. அப்புறம் ஒரு சந்தேகம். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? இதற்கு இதுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

கிண்டி_கணேசன்
சனி, இரவு 10.31

மணி சார், என் பங்காளிகள் எல்லோரும் செங்கல்பட்டில் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போது நான் எப்படிப் பிறந்தேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. தாத்தா போய் வெகுகாலம் ஆகிறது.

நான் வங்கியில் ஓய்வு பெற்றவன், பறவை பார்ப்பது பொழுதுபோக்கு. பனைமரத்தைச் சுற்றி வரும் உழவாரனையும் கம்பியில் உட்காரும் தகைவிலானையும் இருபது வருடம் ஒரே குடும்பம் என்று நினைத்திருந்தேன். ஒரே மாதிரி அரிவாள் இறக்கை, இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிக்கும். அப்புறம் ஒருவர் சொன்னார், உழவாரனின் சொந்தம் அமெரிக்காவில் பூவில் தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டாம், தகைவிலான் பக்கமே இல்லையாம். எனக்குக் கொஞ்ச நாள் கோபமாகவே இருந்தது. கண்ணால் பார்ப்பதை நம்பக்கூடாது என்றால் எதைத்தான் நம்புவது?

பழையபல்லி
ஞாயிறு, காலை 6.50

கணேசன் சார், அந்தக் கோபத்தில்தான் இந்தத் துறையே நடக்கிறது.

தவளைத் தங்கச்சிக்கு: நான் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகல்பல்லிகளில் பிஎச்.டி. செய்தவள். நெமாஸ்பிஸ் என்ற பேரினம். இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். விடுமுறையில்தான் ஆராய்ச்சி.

தினமும் என்ன செய்வோம் என்று கேட்டீர்கள். பாறை இடுக்கில் பல்லி பிடிப்போம். வால் நுனியில் அரிசி அளவு வெட்டி ஆல்கஹாலில் போட்டுவிட்டு, உயிரைக் கொல்லத் தேவையில்லாதபோது அங்கேயே விட்டுவிடுவோம். வால் மறுபடி வளரும். ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரித்து, வேண்டிய மரபணுவை மட்டும் பிசிஆர் என்ற முறையில் நகலெடுத்துப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்க அனுப்புவோம். திரும்பி வரும் ஏ, டி, ஜி, சி எழுத்துகளை மற்ற இனங்களின் எழுத்துகளோடு வரி வரியாக அடுக்குவோம். அலைன்மென்ட் என்பது இதுதான். அப்புறம் மரம். மரம் போட மென்பொருளுக்குப் பத்து நிமிடம் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அந்த மரம் ஏன் தப்பாக இருக்கலாம் என்று யோசிப்பதற்கு மூன்று வருடம் ஆகும். சம்பளம் தருவது அந்த மூன்று வருடத்துக்குத்தான்.

காட்டு வேலை என்றால் போட்டோவில் வருகிற மாதிரி இருக்காது. ஒரு மாநிலத்தில் மாதிரி எடுக்க அனுமதி வர எனக்குப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அனுமதி கையில் வந்த வாரம் எனக்கு டைபாய்டு.

கணக்கு சுமார் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் நிகழ்தகவைக் கண்டு ஓடாதீர்கள். அது இல்லாமல் இங்கே எதுவும் இல்லை.

பூட்ஸ்ட்ராப்_பாபு
ஞாயிறு, காலை 11.15

பல்லி மேடம் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. காட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன், பிஎச்.டி. கணக்கீட்டு உயிரியலில். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் மரபணுத் தரவு வேலை. வாழ்க்கையில் ஒரு பல்லியைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் பல்லி வந்தால் மனைவிதான் விரட்டுவார்.

கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மூன்று இனம் இருந்தால் வேர் வைத்த மரம், அதாவது மூதாதை எந்தப் பக்கம் என்று குறித்த மரம், மூன்று விதமாகப் போடலாம். நான்கு இனத்துக்கு 15, ஐந்துக்கு 105. பத்து இனத்துக்கு 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425. இருபதுக்குப் போனால் எண்ணில் 22 இலக்கம் வரும். எல்லா மரத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது. அதனால் ஒரு சுமார் மரத்தில் தொடங்கி, கிளையை இங்கே வெட்டி அங்கே ஒட்டி, முன்னேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ராக்ஸ்எம்எல், ஐக்யூ-ட்ரீ என்ற மரம் போடும் மென்பொருள்கள் எல்லாம் உள்ளே செய்வது இதைத்தான். இரண்டும் இலவசம்.

என் பெயருக்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் செருப்புக் கடையா என்று கேட்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை படித்திருப்பீர்கள். 650 எழுத்து நீள அலைன்மென்ட் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் எண்ணையும் ஓர் ஓலையில் எழுதிக் குடத்தில் போடுங்கள். ஒன்றை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே ஓலையைத் திரும்பக் குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 650 முறை. சில எண் மூன்று தடவை வரும், சில எண் வரவே வராது. வந்ததை மட்டும் வைத்து ஒரு மரம். மொத்தத்தையும் ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் மரம். அதில் எத்தனை மரத்தில் உங்கள் தவளையும் செஷல்ஸ் தவளையும் சேர்ந்தே வருகின்றன? அந்தச் சதவீதத்தைக் கிளை மேல் எழுதுகிறோம். இதுதான் பூட்ஸ்ட்ராப். 1985இல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இந்த வித்தையை மரங்களுக்குக் கொண்டுவந்தார். சதவீதம் 40 என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 98 என்றால் மீசையை முறுக்கலாம்.

தரவு எல்லாம் ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் சும்மா கிடக்கிறது. ஒரு லேப்டாப் போதும். தரமணியில் மேட்சயின்ஸ் என்ற கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலில் பிஎச்.டி. உண்டு, தாம்பரத்திலிருந்து தினமும் போய் வரலாம். இதில் பழகிய கையை நாளைக்கு மருந்துக் கம்பெனிக்காரனும் கூப்பிடுவான், விதைக் கம்பெனிக்காரனும் கூப்பிடுவான். டைபாய்டு வராது.

பழையபல்லி
ஞாயிறு, மதியம் 2.20

"98 என்றால் மீசையை முறுக்கலாம்" என்கிறார் பாபு. மீசை இல்லாவிட்டாலும் நானும் ஒரு காலத்தில் முறுக்கினேன். கேளுங்கள்.

பிஎச்.டி. இரண்டாம் வருடம். பழனி மலைச் சரிவிலும் அகத்தியமலையிலும் எடுத்த நாற்பது குழாய்களோடு இரவு பஸ்ஸில் வந்தேன். குழாய் மேல் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தேன். ஒரு குழாயின் மூடி தளர்ந்து ஆல்கஹால் கசிந்ததில், காலையில் பார்த்தால் ஆறு குழாய்களில் எழுத்தே இல்லை. நீலமாக ஒரு மசமசப்பு மட்டும். நான்கைத் தூக்கிப் போட்டேன். இரண்டு மட்டும் எது என்று எனக்கு ஞாபகம் இருப்பதாக நினைத்தேன். நினைத்ததை எழுதினேன்.

மரம் வந்தது. பழனிக்கும் அகத்தியமலைக்கும் நடுவில் செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. பழனிப் பல்லி ஒன்று அந்தக் கணவாய்க்குத் தெற்கே உள்ள கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. பூட்ஸ்ட்ராப் 99. கணவாயைத் தாண்டி வந்த பல்லி! ஆய்வகக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதே பாறையிலிருந்து இன்னொன்று பிடித்துப் பார்த்தாயா?"

போய்ப் பிடித்தேன். வரிசை வேறு. பழனிப் பல்லி பழனியில்தான் இருந்தது. அதற்குள் நான்கு மாதம் போய்விட்டது.

குடத்தில் ஆயிரம் முறை கை விட்டாலும், குடத்துக்குள் போட்ட ஓலையே தப்பு என்பதை பூட்ஸ்ட்ராப் சொல்லாது. அந்தக் குழாயில் இருந்தது அகத்தியமலைப் பல்லி. மரம் சரியாகத்தான் சொன்னது, நான்தான் தப்பாகப் பேர் எழுதினேன். ஜென்பேங்கில் சும்மா கிடப்பதாக பாபு சொல்லும் வரிசைகளில் எத்தனை இந்த மாதிரி பஸ்ஸில் கசிந்ததோ! இனத்தின் பேரே தப்பாகப் போட்டவை அங்கே உண்டு. ஒருமுறை என் சொந்தப் பல்லி மாதிரியை அதில் தேடிப் பார்த்தேன். 99 சதவீதம் மனிதன் என்று வந்தது. என் கைத்தோல்தான்.

குழாய்க்குள்ளேயே ஒரு சின்னத் தடித்தாள் துண்டில் பென்சிலால் எழுதிப் போட வேண்டும். ஆல்கஹாலுக்குப் பென்சில் அழியாது. தங்கச்சி, இந்த இழையில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பென்சிலை ஞாபகம் வையுங்கள்.

பூட்ஸ்ட்ராப்_பாபு
ஞாயிறு, மாலை 4.02

சரி மேடம், ஒப்புக்கொள்கிறேன். இதோடு இன்னொன்றும் உண்டு. குடத்தில் சரியான ஓலை இருந்தும் 100 சதவீதம் தப்பான மரம் வரலாம். டிஎன்ஏவில் மொத்தமே நான்கு எழுத்து. இரண்டு வம்சங்கள் தனித்தனியாக வெகுவேகமாக மாறிக்கொண்டே போனால், ஒரே இடத்தில் தற்செயலாக ஒரே எழுத்துக்கு வந்து நிற்கும். சிக்கனமான மரத்தைத் தேடும் பழைய முறை அதைச் சொந்தம் என்று நினைத்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். தரவு கூடக் கூட அந்தத் தப்பு இன்னும் உறுதியாகும் என்பதுதான் கொடுமை. இதையும் 1978இலேயே சொன்னது ஃபெல்சன்ஸ்டைன்தான். நெடுங்கிளை ஈர்ப்பு என்று நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். அதனால்தான் மாற்றத்தின் வேகத்தையும் கணக்கில் எடுக்கும் மாதிரிகளை இப்போது பயன்படுத்துகிறோம்.

சுவடி_வாசகன்
ஞாயிறு, இரவு 8.47

நான் உயிரியல் ஆள் இல்லை, ஓலைச்சுவடிப் பதிப்பு வேலை செய்பவன். இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் செய்வதையே நாங்களும் செய்கிறோம்.

ஒரு நூலுக்குப் பத்து ஏடு கிடைக்கிறது. மூல ஏடு இல்லை, கறையான் தின்றுவிட்டது. எந்த ஏட்டைப் பார்த்து எந்த ஏடு எழுதப்பட்டது? பத்திலும் சரியாக இருக்கும் சொல்லால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பிழைதான் வேண்டும். ஒரே சொல்லில் முடியும் இரண்டு அடிகளுக்கு நடுவே எழுதுகிறவர் கண் தாவிவிட்டால் இடையில் உள்ள அடி விடுபட்டுப் போகும். பத்தில் மூன்று ஏடுகளில் மட்டும் அதே அடி இல்லை என்றால், அந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு தாய் ஏடு இருந்திருக்க வேண்டும். அந்தத் தாய் ஏட்டை யாரும் பார்த்ததில்லை. ஆனால் இருந்தது. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்துப் பாடபேதம் குறித்தபோது அவர் கண் முன்னால் இருந்த சிக்கலும் இதே வகைதான். பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

பழையபல்லி
ஞாயிறு, இரவு 9.30

சுவடி ஐயா, நான் வகுப்பில் ஒரு மணி நேரம் திணறுவதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் துறையில் இதைச் சட்டமாகச் சொன்னவர் வில்லி ஹென்னிக், ஈக்களை ஆராய்ந்த ஜெர்மன்காரர், 1950இல். பொதுவாக ஒத்துப்போவது எல்லாம் சொந்தத்துக்குச் சாட்சி ஆகாது. புதிதாக வந்த மாற்றத்தை யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். முதலைக்கும் உடும்புக்கும் செதில் இருக்கிறது, நான்கு கால் இருக்கிறது. அது பழைய சொத்து, எல்லோரிடமும் இருந்தது. அதை வைத்து இரண்டையும் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது.

இன்று உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு நெருங்கிய சொந்தம் பறவைகள். ஈசிஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனால், சுற்றுச்சுவருக்கு வெளியே மரத்தில் கொக்கு உட்கார்ந்து கீழே கிடக்கும் முதலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாணவர்களைக் கூட்டிப் போனால் நான் காட்டுவது அதைத்தான்.

கணேசன் சார், உங்களுக்கும் ஒன்று. பள்ளிக்கரணையில் பூநாரை வரும்போது போங்கள். அதே தண்ணீரில் கைப்பிடி அளவு முக்குளிப்பான் ஒன்று மூழ்கி மூழ்கி எழும். மூலக்கூறு மரங்களின்படி பூநாரையின் மிக நெருங்கிய உறவு அந்தக் குட்டிதான்.

கிண்டி_கணேசன்
ஞாயிறு, இரவு 9.58

முக்குளிப்பானா? என் வீட்டு அம்மாவிடம் சொன்னேன், "உங்கள் குடும்பத்திலும் அப்படித்தானே, அண்ணன் ஆறடி, நீங்கள் அஞ்சே கால்" என்றாள்.

மவுன்ட்ரோடு_மணி
திங்கள், காலை 7.12

சுவடி ஐயா எழுதியது நன்றாக இருந்தது. அப்படியானால் மொழிக்கும் மரம் போடலாமே. போட்டால் தமிழ்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று வரும்.

சுவடி_வாசகன்
திங்கள், காலை 8.25

போட்டிருக்கிறார்கள் மணி சார். 2018இல் இருபது திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை எடுத்து, உயிரினங்களுக்குச் செய்யும் அதே பேய்சியன் என்ற நிகழ்தகவு முறையில் மரம் போட்டார்கள். முதன்மை ஆசிரியர் டேராடூனில் வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. குடும்பத்துக்கு ஏறக்குறைய 4,500 வயது என்று வந்தது. ஆனால் அந்த மரத்தில் தமிழும் ஓர் இலைதான், மலையாளமும் கோண்டியும் பிராகுயியும் போல. வேரில் இருப்பது மூலத் திராவிடம், அதை இன்று யாரும் பேசுவதில்லை. நீங்கள் முதலில் கேட்ட குரங்குக் கேள்விக்கும் இதே பதில்தான்.

மவுன்ட்ரோடு_மணி
திங்கள், காலை 8.40

தமிழைக் குரங்கோடு ஒப்பிடுகிறீர்களா?

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 9.00

மொழிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அந்தப் பெண் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

வைரஸ்_வள்ளி
திங்கள், இரவு 10.10

தாமதமாக வருகிறேன், ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வீடு. நான் ஒரு மரபணு வரிசை ஆய்வகத்தில் இருக்கிறேன், எது என்று சொல்வதற்கில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதற்கு என் பங்கு.

பல்லிக்காரர்கள் லட்சம், கோடி வருடத்தைப் பேசுகிறார்கள். என் மரத்தில் கிளை வாரக்கணக்கில் பிரியும். கொரோனா சமயத்தில் நோயாளியின் மாதிரி வரும், வைரஸின் மரபணுவைப் படிப்போம், ஏற்கனவே உள்ள மரத்தில் அது எங்கே உட்காருகிறது என்று பார்ப்போம். டெல்டாவா, ஒமைக்ரானா, எந்த ஊரிலிருந்து வந்த கிளைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியும். 2021இல் தேனாம்பேட்டையில் தமிழக அரசே இதற்கு ஆய்வகம் திறந்தது. அதற்கு முன்னால் மாதிரியை வெளி மாநிலத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் யாரும் மரம் வரைந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை.

எச்ஐவி கதை தெரியுமா? இந்தியாவில் முதன்முதலில் எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது இதே சென்னையில், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் அது எப்போது மனிதர்களுக்குள் பரவத் தொடங்கியது என்பதைச் சொன்னது மரம். கின்ஷாசாவில் 1959இலும் 1960இலும் எடுத்து வைத்திருந்த இரண்டு பழைய மாதிரிகள் கிடைத்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்த்து, மாற்றத்தின் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் பொது மூதாதை 1908 வாக்கில் வந்து நின்றது. 2008இல் வெளியான ஆய்வு. எய்ட்ஸ் என்ற பெயரே 1980களில்தான் வந்தது, வைரஸோ அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கிளைவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சோறு கிடைக்கும். ஆனால் என் வேலை ஒப்பந்த வேலை, ஒவ்வொரு மார்ச்சிலும் வயிறு கலங்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தாம்பரம்_தவளை
செவ்வாய், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. வள்ளி அக்கா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கொரோனாவுக்கு இதுதானா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் "மாசம் எவ்வளவு வருமாம்" என்று கேட்டார். பல்லி அக்கா, உண்மையான கணக்கு சொல்ல முடியுமா? என்னை நீ என்றே சொல்லுங்கள். தனியாகக் காட்டுக்குப் போவதைப் பற்றி அம்மாவுக்கும் பயம் இருக்கிறது.

பழையபல்லி
செவ்வாய், இரவு 11.05

சரிம்மா, உள்ளதைச் சொல்கிறேன்.

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023இலிருந்து இந்தத் தொகை. வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு. ஐந்தாறு வருடம் பிஎச்.டி. முடித்தால் ஆராய்ச்சி அசோசியேட் சம்பளம் 58,000இல் தொடங்கும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கு ஒரு தடவை ஏழு மாதம் பணம் வரவில்லை. எந்தத் திட்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஏழு மாதமும் அண்ணன்தான் வாடகை கட்டினான், இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆய்வகத்தில் சேர வேண்டும்: அங்கே படித்து முடித்தவர் ஒருவர், பாதியில் விட்டுப் போனவர் ஒருவர். பாதியில் போனவர் சொல்வதுதான் முக்கியம்.

நிரந்தர வேலை குறைவு. பல்கலைக்கழக ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை 57,700. ஆனால் சுயநிதிக் கல்லூரியில் எனக்கு முதலில் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. பிஎச்.டி. முடித்து நிரந்தர வேலை கிடைக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி வெளிநாட்டில் இருக்கிறாள். ஒருவன் வனவிலங்குத் தடயவியலில் இருக்கிறான், பிடிபட்ட இறைச்சி மானா ஆடா என்று மரபணு பார்த்துச் சொல்கிறான். அந்த மாதிரி வேலை உன் வீட்டுக்குப் பக்கத்தில் வண்டலூரிலேயே வனத்துறை நிறுவனத்தில் நடக்கிறது, போய்ப் பார். இன்னொருத்தன் ரியல் எஸ்டேட், எங்கள் எல்லோரையும்விட வசதி.

அம்மாவிடம் சொல்: தனியாக யாரும் போவதில்லை. உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டி ஒருவர், ஆய்வகத்திலிருந்து இன்னொருவர், இது இல்லாமல் நான் என் மாணவிகளை அனுப்புவதில்லை. போகிற இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். அப்படியும் அட்டை கடிக்கும்.

எங்கே சேருவது என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், என்சிபிஎஸ், திருப்பதி ஐசர், ஐதராபாத் சிசிஎம்பி என்று சொல்லிக்கொண்டே போகலாம். திருப்பதியில் இருக்கும் ராபின் என்ற ஆய்வாளரின் குழு சோலைக்காட்டுப் பறவைகளில் செய்ததைத் தேடிப் படி. மலையுச்சியில் தனித்தனித் தீவு மாதிரி இருக்கும் காடுகளில் உள்ள குருவிகளை மரம் போட்டுப் பார்த்து, 2017இல் புதிய பேரினமே வைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று பிரிந்து கிடக்கிறது. பொதுப்பெயர் சோலாகிளி, நம் ஊர்ப் பேர்தான். உன் ஊதாத் தவளைக்கும் அதே வருடம் ஒரு சொந்தம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இன்னொரு இனம், ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

ஆனால் பேர் பார்த்துச் சேராதே. எந்தக் கேள்விக்காகத் தூங்காமல் இருப்பாய் என்று பார். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு மரமாவது நீயே போடு. ஜென்பேங்கில் பத்துப் பறவை எடுத்து, ஒப்பிடுவதற்குப் பறவை அல்லாத வெளிக்குழுவாக ஒரு முதலை வைத்து, பூநாரை எங்கே உட்காருகிறது என்று எனக்குக் காட்டு.

பூட்ஸ்ட்ராப்_பாபு
புதன், காலை 9.40

ஜென்பேங்கை ஞாயிற்றுக்கிழமை திட்டினீர்கள், இப்போது அங்கேயே அனுப்புகிறீர்கள். இருக்கட்டும். தங்கச்சி, ஐக்யூ-ட்ரீ ஓடவில்லை என்றால் பிழைச்செய்தியை அப்படியே இங்கே ஒட்டு. போட்டோ எடுத்துப் போடாதே.

தாம்பரம்_தவளை
ஞாயிறு, இரவு 11.38

போட்டுவிட்டேன்! பத்துப் பறவை, ஒரு முதலை, ஒரே ஒரு மைட்டோகாண்டிரிய மரபணு. ஆனால் முக்குளிப்பான் பூநாரை பக்கமே வரவில்லை. கிளை நீண்டுகொண்டே போய் முதலைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பூட்ஸ்ட்ராப் 100. முக்குளிப்பான் முதலையின் தங்கையாகிவிட்டது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் அதேதான்.

பழையபல்லி
ஞாயிறு, இரவு 11.51

மரத்தை விடு. அலைன்மென்டைத் திறந்து முக்குளிப்பான் வரியை மட்டும் பார். மற்ற வரிகளோடு ஒத்துப்போகிறதா?

தாம்பரம்_தவளை
திங்கள், அதிகாலை 12.34

இல்லை அக்கா. எங்குமே ஒத்துப்போகவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், அந்த ஒரு கோப்பில் மட்டும் டிஎன்ஏவின் எதிர் இழையை எடுத்திருக்கிறேன், எழுத்தெல்லாம் ஜோடி எழுத்தாக மாறிப் பின்னாலிருந்து முன்னால் இருக்கிறது. திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினேன். முக்குளிப்பான் பூநாரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது!!! அப்பா நைட் ஷிஃப்டிலிருந்து வந்ததும் காட்டப் போகிறேன்.

பழையபல்லி
திங்கள், காலை 6.15

சதவீதம் எவ்வளவு?

தாம்பரம்_தவளை
திங்கள், காலை 7.02

43.

பூட்ஸ்ட்ராப்_பாபு
திங்கள், காலை 7.20

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லையே?

தாம்பரம்_தவளை
திங்கள், காலை 7.31

காட்டிவிட்டேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "43 என்றால் ஃபெயிலா?" என்று கேட்டார். ஒரு ஜீன் பத்தாது, இன்னும் நிறைய ஜீன் எடுக்க வேண்டும் என்றேன். "சரி, எடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.